எக்ஸ்பிரசுக்கு ஒரு வீடு

"உயிரோட இருக்கா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க" என்றார் கால்நடை டாக்டரம்மா.

இஸ்திரியம்மா பிளாஸ்டிக் தொட்டியை அவருடைய மேசைமேல் வைத்தாள். துணி ஊறப்போடும் தொட்டி அது. அடியில் பழைய செய்தித்தாள், அதன்மேல் காய்ந்து சுருண்ட வெள்ளரித் துண்டுகள், அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஆமை.

"இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

"நினைக்கிறீங்களா! நல்லா இருக்கே கதை." டாக்டரம்மா குட்டியைத் தூக்கி, ஓட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பேர் என்ன?"

"எனக்கா?"

"உங்க பேரை வச்சு நான் என்னம்மா பண்றது? இதுக்கு."

"எக்ஸ்பிரஸ்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார் வச்ச பேரு இது?"

"எங்க வீட்டுக்காரர். பஸ் ஓட்டினவர்."

"அவரை வரச் சொல்லுங்க, காதைத் திருகணும். தொட்டியில போட்டு, வெள்ளரிக்காயைக் குடுத்து! அது வெறும் தண்ணிம்மா. இப்படியா வளர்ப்பாங்க?"

"அவர் போயிட்டார்."

"எங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. கேட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது. குட்டியைத் தராசில் வைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இஸ்திரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'போயிட்டார்' என்ற சொல்லை இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. சட்டையில் பொத்தான் போயிற்று என்பதைப் போலத்தான் அது வாயிலிருந்து வந்தது.

"சரி, கேளுங்க" என்றார் டாக்டரம்மா, குரலை இறக்கி. "ஓடு கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. எடை பத்தலை. ஆனா தப்பிச்சுக்கும், வீடு சரியா அமைஞ்சா. நீளமான வீடா வேணும். ஒரு கோடி சூடு, மறு கோடி குளிர்ச்சி. எது வேணுமோ அது நடந்து போய் எடுத்துக்கும். சூட்டுக்கு ஒரு விளக்கு, அதுக்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல்லு. வெயிலுக்குப் பதிலா இன்னொரு விளக்கு, அது தனி. அடியில மண்ணும் தேங்காநார்த் தூளும் கலந்து, பிடிச்சா பிடிபடுற ஈரத்துல. குட்டிக்கு ஈரம் வேணும்மா, காஞ்சா ஓடு மேடு மேடா வளந்துரும். ஒளிஞ்சுக்க ஒரு பொந்து. ஏறி உக்கார்ற மாதிரி தாழ்வான தண்ணித் தட்டு. தின்ன இலை தழை. செம்பருத்தி இருக்கா பக்கத்துல?"

"இருக்கு."

"பறிச்சுப் போடுங்க. ரெண்டு கோடியிலயும் வெப்பமானி வைங்க. அடுத்த மாசம் கொண்டு வாங்க. எடை ஏறலேன்னா எங்கிட்டயே விட்டுருங்க. வளர்க்கத் தெரிஞ்ச வீடு ஒண்ணு பாத்துக் குடுத்துடறேன். சரியா?"

"சரி" என்றாள் இஸ்திரியம்மா.

எல்லாவற்றுக்கும் அவள் இப்போது சரிதான். பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்றால் சரி. ஒரு வாய் சாப்பிடு என்றால் சரி. ஆமையைக் கொடுத்துவிடு என்றால், அதற்கும் சரி.

ஆமை வந்த கதை இது. பணி ஓய்வுக்கு அரை வருடம் இருக்கும்போது, ஒருநாள் அவள் புருஷன் ஒரு செருப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"என்னது, எனக்குச் செருப்பா?"

"உனக்குச் சக்களத்தி."

திறந்து பார்த்தவள், "கஷ்டகாலமே, ஆமையா!" என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஆமைதான். முப்பது வருஷமா முதுகுக்குப் பின்னால உக்காந்து எல்லாரும் 'சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பா'ங்கிறான். நிறுத்தத்துல நின்னா ஏன் நிக்கிறேங்கிறான், நிக்கலேன்னா ஏன் நிக்கலேங்கிறான். கடைசிக் காலத்துல என்னைவிட மெதுவாப் போறது ஒண்ணு வீட்டுல வேணும்டி. ஓய்வு வாங்கினதும் முதல் வேலை, இவனுக்கு ஒரு வீடு கட்டறது."

அந்த முதல் வேலை நடக்கவில்லை. அடுத்த மாதமே, பணிமனைப் பெஞ்சில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார். கோப்பை கீழே விழவில்லை என்று சொன்னார்கள். செய்தி வந்தபோது இஸ்திரியம்மா யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலர் பாக்கி இருந்தது. காலரையும் தேய்த்து, மடித்து, அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் செருப்பைத் தேடினாள். 'கல்நெஞ்சுக்காரி' என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, தொட்டியைச் சுட்டிக்காட்டிச் சொன்னாள்: "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க? வந்து ஒரு மாசம் ஆகலை, ஆளையே தூக்கிடுச்சே."

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்றான் கொழுந்தன். "அது யாரையாச்சும் தூக்கணும்னா முதல்ல தன் காலைத் தூக்கணும். அதுக்கே அரைமணி நேரம் ஆகுது."

கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான் கொழுந்தன். சன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து வெட்டிப் பொருத்துவது அவன் தொழில். இஸ்திரியம்மா இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன். இப்போது தலை நரைத்துவிட்டது, அண்ணிக்கு முன்னால் மட்டும் இன்னும் உட்கார மாட்டான். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள் ஒப்பித்தபோது, அவன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டான்.

"விடுங்க அண்ணி. அண்ணன் ஆசைப்பட்ட வீடு. நான் கட்டறேன்."

"உனக்கு ஆமை வீடு கட்டத் தெரியுமா?"

"மனுஷன் வீட்டுக்கே நான்தான் சன்னல் போடறேன். ஆமை என்ன, மாடி கேக்கப் போகுதா?"

"சரி" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, இரண்டு ஆட்களோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு பக்கமும் கண்ணாடி, தடித்த ரகம். விளிம்பெல்லாம் கை வழுக்கும்படி இழைத்திருந்தான். மூலைகளில் பசை வைத்த இடமே தெரியவில்லை. மேலே கண்ணாடியிலேயே மூடி, அதன்மேல் இரண்டு விளக்குகள். ஒரு ஆள் படுக்கும்படியான நீளம்.

"எங்க அண்ணி வைக்கிறது? சன்னலோரம் வேண்டாம், பகல் வெயில்ல உள்ள அவிஞ்சுரும்."

இஸ்திரியம்மா சுற்றிப் பார்த்தாள். முன்னறைதான் அவள் கடை. தேய்க்கிற மேசை ஒரு பக்கம், மடித்த துணிகளின் அடுக்கு ஒரு பக்கம். உள்சுவரை ஒட்டி ஒரு கட்டில்.

"அங்க" என்றாள்.

கொழுந்தனின் முகம் மாறியது. "அண்ணன் கட்டிலா?"

"கட்டில்தானே. மடக்கி வைக்கலாம்."

அவன் கட்டிலை மடக்கும்போது இரண்டு முறை மூக்கை உறிஞ்சினான். அவள் துணி அடுக்கிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறி, கட்டிலின் மேல் போர்த்தி, சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு மண்ணையும் நார்த்தூளையும் கலக்கப் போனாள். பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அந்தப் பதம் அவளுக்குச் சட்டென்று வந்தது. தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற துணியின் பதம்தான்.

கவிழ்த்த பூத்தொட்டியின் பாதியை மண்ணில் புதைத்துப் பொந்து செய்தார்கள். துணி துவைக்கிற கல்லில் உடைந்த ஒரு சில்லு, தட்டைக் கல்லாகச் சூட்டுக் கோடியில் உட்கார்ந்தது. எக்ஸ்பிரசை உள்ளே விட்டதும், அது கழுத்தை நீட்டிப் பார்த்தது. நேராக நடந்தது. 'டொக்' என்று கண்ணாடியில் மூக்கை இடித்தது. திரும்பவில்லை. மறுபடி டொக்.

"பாருங்க, வந்ததும் வாக்கிங் கிளம்பிட்டார் நம்மாளு" என்றான் கொழுந்தன், மார்பு நிமிர.

வாக்கிங் நிற்கவேயில்லை. மறுநாள், அதற்கு மறுநாள், விளக்கு எரிகிற நேரமெல்லாம் எக்ஸ்பிரஸ் கண்ணாடியோரம் நடந்தது. முன்னங்கால்களால் கண்ணாடியைப் பிறாண்டியது. டொக், டொக். இஸ்திரியம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு அவள் கை பழகிவிட்டது. டொக் என்றால் ஒரு இழுப்பு, டொக் என்றால் இன்னொரு இழுப்பு. செம்பருத்தி இலை போட்டது போட்டபடி வாடிக் கிடந்தது.

கடல் தாண்டி இருக்கிற மகள் தொலைபேசித் திரையில் வந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"தட்டுல இருந்ததை."

"அழுதியாம்மா? ஒரு தடவையாச்சும்?"

"வேலை இருக்கு."

மகள் திரைக்கு நெருங்கி வந்தாள். "கழுத்து, தோளெல்லாம் ஏன் அப்படிச் சிவந்திருக்கு உனக்கு?"

"இஸ்திரி அனல்."

"அனல் முதுகுப் பக்கமா அடிக்கும்? குளிக்கிறப்ப பாத்துக் குளிம்மா" என்றாள் மகள். இஸ்திரியம்மா சரி என்றாள்.

எக்ஸ்பிரஸ் நடப்பதை அவள் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பியதும், உடனே அழைப்பு வந்தது. கொழுந்தனும் அப்போது அங்கேதான் நின்றிருந்தான்.

"ஐயோ, யாரும்மா கட்டினது இந்தக் கண்ணாடி மாளிகையை?"

"என் கொழுந்தன். கண்ணாடிக் கடை."

"நல்லவேளை, பூட்டுக் கடை வைக்கலை. அம்மா, ஆமைக்குக் கண்ணாடின்னா என்னன்னே தெரியாது. எதிர்ல வழி தெரியுது, போனா முட்டுது. ஏன் முட்டுதுன்னு அதுக்குப் புரியல. அதான் நாள் பூரா முட்டிக்கிட்டே இருக்கு. பக்கத்தையெல்லாம் ஒரு சாண் உசரத்துக்கு மறைங்க. அப்புறம் மேல அது என்ன, மூடியா? அதுக்கு மேலயா வெயில் விளக்கு?"

"சூடு வெளிய போகக் கூடாதுன்னு..." என்றான் கொழுந்தன் பின்னாலிருந்து.

"யாரு, மாளிகை கட்டினவரா? ஐயா, அந்த விளக்கோட சத்து கண்ணாடியைத் தாண்டி இறங்காது. வெளிச்சம் மட்டும்தான் வரும். ஓடு கெட்டிப்படாது. மூடியை எடுத்துட்டு விளக்கை நேராத் தொங்க விடுங்க."

பேச்சு முடிந்ததும் கொழுந்தன் மூடியின் விளிம்பை விரலால் தடவினான். "இதுல ஒரு குமிழி காட்டச் சொல்லுங்க அண்ணி. ஒரு கீறல் காட்டச் சொல்லுங்க. இப்படி ஒரு தெளிவு இந்த ஊர்லயே கிடையாது."

"அதான் தம்பி தப்பாப் போச்சு."

"கண்ணாடி தெளிவா இருக்கிறது தப்பா?"

"அதுக்குத் தப்பு."

அவன் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இரண்டு நாள் வரவில்லை. இஸ்திரியம்மா அலமாரியைத் திறந்தாள். அவருடைய காக்கிச் சட்டைகள், தேய்த்தது தேய்த்தபடி மாட்டியிருந்தன. கத்தரிக்கோலை எடுத்து ஒரு சாண் அகலத்தில் நீளநீளமாக வெட்டினாள். மண் நிறமாக இருந்தது அந்தத் துணி. அதனால்தான் அதை எடுத்தாள், வேறு காரணம் ஒன்றும் இல்லை. சட்டைப் பையொன்று ஒரு துண்டோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு பழைய பயணச்சீட்டுச் சுருள். அதைக் குப்பையில் போட்டாள். கண்ணாடியின் வெளிப்புறம் பசை தடவி, சுருக்கமில்லாமல் காக்கியை ஒட்டினாள்.

எக்ஸ்பிரஸ் வந்தது. காக்கி தெரிந்தது. நின்றது. திரும்பிப் போய்ப் பொந்துக்குள் நுழைந்துகொண்டது. முன்னறையில் சத்தம் நின்றுபோயிற்று. இஸ்திரியம்மாவின் கை கொஞ்ச நேரம் இழுக்கத் தெரியாமல் நின்றது.

மூன்றாம் நாள் கொழுந்தன் ஒரு இரும்புக் கம்பியும் சங்கிலியும் கொண்டுவந்தான். கோபம் தீர்ந்திருந்தது, அல்லது மனைவியிடம் தீர்த்துவிட்டு வந்திருந்தான். கம்பியைக் குறுக்கே பொருத்தி, இரண்டு விளக்குகளையும் தொங்கவிட்டான்.

"வெப்பமானி வாங்கணுமாமே?" என்றான்.

"வாங்கணும்னுதான் சொன்னாங்க."

"எதுக்கு அண்ணி? உங்க கையைவிட ஒரு வெப்பமானியா? பட்டு, நைலான், பருத்தி எதுக்கு எவ்வளவு சூடுன்னு விரலை வச்சே சொல்ற ஆளு நீங்க. டாக்டரம்மா படிச்சு வாங்கின பட்டத்தை நீங்க தேய்ச்சே வாங்கிட்டீங்க."

அது உண்மைதான். இத்தனை வருடத்தில் அவள் ஒரு துணியையும் பொசுக்கியதில்லை. கல்லின்மேல், விளக்குக்கு நேர் கீழே, உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். ஒன்றும் உறைக்கவில்லை. "இன்னும் இறக்கு" என்றாள். சங்கிலியில் ஒரு கண்ணி இறக்கினான். "இன்னும்." இன்னொன்று. "இப்ப லேசாத் தெரியுது. இருக்கட்டும்."

"கை சொன்னாச் சரி" என்றான் கொழுந்தன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு திருகாணியை முடுக்கியபடி.

எக்ஸ்பிரஸ் கல் பக்கம் வரவில்லை. குளிர்ச்சிக் கோடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு, பொந்துக்குள் பாதி புதைந்து கிடந்தது. குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்த இஸ்திரியம்மா, அடுத்த நாள் தானே ஒரு கண்ணி இறக்கினாள். அதற்கடுத்த நாள் இன்னொன்று. காலையில் போட்ட இலையை மாலையில் எடுத்தாள். மாலையில் போட்டதைக் காலையில் எடுத்தாள். கல்லைச் சுற்றிய மண் வெளுத்துப் பொடிந்தது. தண்ணீர் தெளித்தாள். தெளித்த வேகத்தில் அது காய்ந்தது.

டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொழுந்தனும் ஓரகத்தியும் வந்தார்கள். ஓரகத்தி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கு."

"எங்க இருக்கு? மண்ணுதான் இருக்கு. அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மெலிஞ்சு போச்சு. மெலிஞ்சிருக்கிறது அது மட்டுமா? உங்களைக் கண்ணாடியில பாத்தீங்களா? நாளைக்கே டாக்டரம்மாகிட்ட விட்டுட்டு வந்துருங்க. நல்ல வீடாப் பாத்துக் குடுக்கட்டும். உங்களுக்கும் ஒரு பாரம் குறையும். பீடை ஒழிஞ்சுதுன்னு இருக்கலாம்."

கொழுந்தனுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது என்பது அவன் சட்டைப் பொத்தானைத் திருகுவதில் தெரிந்தது.

இஸ்திரியம்மா வாயைத் திறந்தாள். சரி என்று சொல்லத்தான் திறந்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

மூவருமே திடுக்கிட்டார்கள். அவள்தான் அதிகமாக.

"என்னக்கா?"

"குடுக்க மாட்டேன். இங்கயே இருக்கட்டும்."

"இங்கயே இருந்தாச் செத்துரும்கா!"

"சாகக் கூடாது" என்றாள் இஸ்திரியம்மா. குரல் எழும்பவில்லை. ரசீதைப் படிப்பதுபோல்தான் சொன்னாள். கையில் பிடித்திருந்த குழந்தைச் சட்டை மட்டும் கசங்கிப் போயிருந்தது. தேய்த்த துணியை அவள் கசக்கி யாரும் பார்த்ததில்லை.

ஓரகத்தி கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் என்ன செய்வதென்று தெரியாமல், எதையாவது செய்வோம் என்று, உள்ளே கையை விட்டு அந்தத் தட்டைக் கல்லை நேராக்கப் போனான்.

"ஆ! அம்மா!"

கையை வெடுக்கென்று இழுத்து உதறினான். விரலை வாயில் வைத்துக்கொண்டு, "என்ன அண்ணி இது, தோசைக்கல்லா? சுடுதே!" என்றான்.

"சுடுதா?"

"தொட்டுப் பாருங்க!"

அவள் கையை விளக்குக்குக் கீழே விரித்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "இல்லையே. வெதுவெதுன்னு இருக்கு."

"அண்ணி, கையை எடுங்க."

"வெதுவெதுன்னுதான்..."

"கையை எடுங்க அண்ணி!" அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை செக்கச்செவேல் என்றிருந்தது. ஓரகத்தி கிட்டே வந்து அதை விரித்துப் பார்த்தாள். விரல்நுனிகள் தோல் தடித்து, மெழுகுபோல் பளபளத்தன. ரேகைகூட இல்லை.

"இந்தக் கைக்கு எங்கக்கா சூடு தெரியும்? நீங்க அடுப்புல இருந்து பாத்திரத்தைத் துணியில்லாமத் தூக்குற ஆளாச்சே. கல்யாணமான புதுசுல நீங்க ஊத்தின தேநீரை நான் வாயில வச்சுட்டு ரெண்டு நாள் பேசலை, மறந்துட்டீங்களா?"

"அந்த ரெண்டு நாள் எனக்கு மறக்கலை, நிம்மதியா இருந்துது" என்றான் கொழுந்தன், விரலை வாயிலிருந்து எடுக்காமலே. பிறகு எடுத்தான். "அண்ணன் சொல்லும். 'உங்க அண்ணி கலக்கற வெந்நீர்ல கோழிதான் குளிக்கணும், அதுவும் இறகு பிடுங்கறதுக்கு'ன்னு. அதான் வீட்டுல எல்லாருக்கும் குளிக்கிற தண்ணியை அண்ணனே தன் கையாலதான் கலக்கும்."

இஸ்திரியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

ஆமாம். அவர்தான் கலப்பார். காலையில் பணிக்குப் போகும் முன் வாளியில் வெந்நீர் ஊற்றி, குழாய்த் தண்ணீர் கலந்து, முழங்கையை முக்கிப் பார்த்து, "எக்ஸ்பிரஸ் கிளம்புது, ஏறுறவங்க ஏறலாம்" என்று குரல் கொடுப்பார். ஆமை வருவதற்கு முன்பே அவர் வாயில் இருந்த சொல் அது. தேநீரை ஆற்றிக் கொடுப்பதும் அவர்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் சூடு பார்த்ததும் அவர்தான். இந்த வீட்டில் சூடு பார்க்கிற வேலை அவளுடையதாக இருந்ததே இல்லை. இஸ்திரிப்பெட்டி ஒன்றைத் தவிர.

"அப்ப அது குளுருக்கு ஒதுங்கலை" என்றாள் மெதுவாக. "வெந்துபோய் ஒதுங்கியிருக்கு. நான் இறக்க இறக்க..."

"கையைவிட ஒரு வெப்பமானியான்னு சொன்னவன் நான்தான் அண்ணி" என்றான் கொழுந்தன். "கண்ணாடிக்காரனுக்குக் கண்ணாடி கண்ணை மறைச்சுது, உங்களுக்குக் கை மறைச்சுது. நடுவுல மாட்டினவன் எக்ஸ்பிரஸ்."

"பேசிட்டு நிக்காம விளக்கைத் தூக்குங்க முதல்ல!" என்று அதட்டினாள் ஓரகத்தி. பீடை என்று சொன்ன அதே வாய்தான். கொழுந்தன் விளக்கை அணைத்துச் சங்கிலியை ஏற்றினான். பிறகு கடைக்கு ஓடி, வெப்பமானி வாங்கிவந்தான். சின்னத் திரை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் உலோகக் குமிழ். இரண்டு போதும், மூன்றைக் கடைக்காரன் அவன் தலையில் கட்டியிருந்தான். பழைய இடத்துக்கே ஒருமுறை விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். எண் ஐம்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.

"அப்பாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் ஓரகத்தி.

டாக்டரம்மா தொலைபேசியில் சொன்ன எண்ணுக்கு வரும்வரை கண்ணி கண்ணியாக ஏற்றினார்கள். முப்பத்தைந்து. மறு கோடியில் இருபத்தைந்து. மண்ணை மறுபடி பிசைந்து போட்டாள் இஸ்திரியம்மா. அன்று எக்ஸ்பிரஸ் வெளியே வரவில்லை. மறுநாள் தலையை மட்டும் நீட்டியது. அதற்கு மறுநாள் காலை, அவள் ஒரு பள்ளிச் சீருடையின் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அது குளிர்ச்சிக் கோடியிலிருந்து கிளம்பியது. காக்கியோரமாகவே, அவசரமில்லாமல், நடந்து வந்து கல்லின்மேல் ஏறியது. நாலு கால்களையும் நீட்டிப் போட்டு, கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. வெகுநேரம் கழித்து இறங்கி, செம்பருத்தி இலையின் ஓரத்தைக் கடித்தது. இலை கிழிகிற சத்தம், மெல்லிய சத்தம், அவளுக்குக் கேட்டது. அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தாள். வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "என்னம்மா, துணி ஆச்சா?" என்றார்.

"இரைச்சல் போடாதீங்க. சாப்பிடுது" என்றாள்.

தராசில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். "ஒரு கரண்டி சர்க்கரை அளவுக்கு ஏறியிருக்கு. அவ்வளவுதான்."

"அது போதுமா?"

"ஆமைக்கு அதுவே எக்ஸ்பிரஸ் வேகம்மா. ஓடும் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கு. எங்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா?"

"இல்லை" என்றாள் இஸ்திரியம்மா, தொட்டியை ஏற்கெனவே இடுப்பில் இடுக்கியபடி.

"கேட்டு வச்சேன். நல்லபடியா இருந்தா உங்களையும் என்னையும் தாண்டி இருக்கும் இது. பின்னால யார் பாத்துப்பாங்கன்னும் யோசிச்சு வைங்க."

"மகள்கிட்ட சொல்லணும்" என்றாள். அது ஒரு வேலையாக இருந்தது. வேலை என்றால் செய்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து குட்டியை உள்ளே விட்டாள். அது கல்லைப் பார்த்து நடந்தது. மேசைமேல் மூன்றாவது வெப்பமானி, உறை பிரிக்காமல், ஒரு மாதிரி கேட்பாரில்லாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

வாளியில் வெந்நீர் ஊற்றினாள். தினமும் கலக்கிற அளவுக்குக் குழாய்த் தண்ணீர் கலந்தாள். கையை விட்டுப் பார்த்தாள். எப்போதும்போல், ஒன்றும் தெரியவில்லை. ஒயரின் நுனியை வாளிக்குள் விட்டாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"இதுலயா குளிச்சிட்டு இருந்தேன்?" என்றாள் வாய்விட்டு.

தோளைத் தொட்டுப் பார்த்தாள். தோலுரிந்த இடம் சொரசொரத்தது. அங்கே லேசாக எரிந்தது. எரிகிறதா என்று இன்னொருமுறை தொட்டாள். எரிந்தது.

ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்தாள். எண் இறங்கியது. இன்னொரு குவளை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, முழங்கையை மடக்கி வாளிக்குள் முக்கினாள். அங்கே தோல் மெல்லியதாக இருந்தது. தண்ணீர் இதமாக இருக்கிறது என்று முழங்கை சொன்னது.

"எக்ஸ்பிரஸ் கிளம்புது" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.